எரிந்தது எதுவரை? ஓர் ஈரல் கட்டியும் ஒளியொலிக் கண்காணிப்பும்

ஈரல் கட்டியைச் சூட்டால் சுட்டு நாலாம் மாதம் எடுத்த சி.ரி. ஸ்கானில், சுட்ட இடத்தின் ஓரத்தில் ஒரு பிறை தெரிந்தது. நீளம் 9 மில்லிமீற்றர், தடிப்பு 4 மில்லிமீற்றர். ஊசியில் ஏற்றிய நிறப்பொருள் (கொன்ட்ராஸ்ட்) நாடிகளில் ஓடும் கட்டத்தில் பளிச்சென்று நிறம் ஏறி, நாளங்களுக்குப் போகும் கட்டத்தில் மங்கியது. கட்டியில் உயிரோடு மிஞ்சிய பகுதி அது. பிறையின் உள்வளைவு, பக்கத்தில் போகும் வலது ஈரல் நாளத்தின் சுவரோடு அச்சொட்டாகப் பொருந்தியிருந்தது.

படம் என் மாமாவுடையது. ஊர் களுவாஞ்சிக்குடிப் பக்கம். அவருடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறேன்; ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் வைத்தியன் இல்லை, பௌதிகவியல் படிப்பிப்பவன். வைத்தியப் பகுதியைக் கல்முனையிலுள்ள கதிரியல் வைத்திய நண்பர் ஒருவர் வாசித்துத் திருத்தித் தந்தார். முடிவுகளில் அவருக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்தச் சண்டையும் கீழே இருக்கிறது.

நோயும் முதல் சிகிச்சையும்

மாமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. நெடுநாளாகச் சீனி வருத்தம். சாராயத்தை வாயில் வைத்ததில்லை. ஆனாலும் ஈரல் சுருங்கி சிரோசிஸ் ஆகியிருந்தது. ஊரில் நாலு பேர் நாலு விதமாகக் கதைத்தார்கள். ஆனால் இலங்கையில் ஈரல் புற்றுநோய் வருபவர்களில் பலருக்கு ஹெப்படைட்டிஸ் வைரஸ் இருப்பதில்லை. மதுவும் கொழுப்பு படிந்த ஈரலும்தான் முன்னே நிற்கின்றன. மாமாவின் கதை இரண்டாவது. இந்தக் கொழுப்பை ஞாபகத்தில் வைத்திருங்கள், பின்னால் வேறொரு காரணத்துக்காகத் தேவைப்படும்.

வழமையான அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் 2.6 சென்ரிமீற்றர் கட்டி ஒன்று அகப்பட்டது. சி.ரி.யில் அதன் நடத்தை ஈரல் புற்றுநோய்க்கே உரியது. சிரோசிஸ் உள்ளவருக்கு அப்படித் தெரிந்தால் தசை எடுத்துப் பார்க்காமலே முடிவு சொல்லிவிடலாம். இடம்தான் கரைச்சல்: ஈரலின் எட்டாம் துண்டம், உதரவிதானத்துக்குச் சற்றுக் கீழே, தோலிலிருந்து 7 சென்ரிமீற்றர் ஆழம், ஒரு பக்கம் பெரிய நாளம். குருதிச் சிறுதட்டுகள் குறைவு என்பதால் வெட்டி எடுக்கும் யோசனையைக் கைவிட்டார்கள். 3 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டிக்கு ஊசி ஏற்றிச் சுடுவது நல்ல வழி. எனவே ரேடியோ அலைச் சிகிச்சை என்று முடிவானது.

இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம். செய்த முறை சுருக்கமாக இதுதான். தோலின் வழியாக ஒரு மின்வாய் ஊசியைக் கட்டிக்குள் இறக்குவார்கள். கிட்டத்தட்ட 500 கிலோஹேர்ட்ஸ் ஆடலோட்டம் பாயும். இழையத்திலுள்ள அயன்கள் இப்படியும் அப்படியும் அலைந்து உராய்வதால் சூடு பிறக்கும். ஊசி நுனிக்குள்ளேயே குளிர்நீர் ஓடும். இல்லாவிட்டால் நுனி கருகி, தடை ஏறி, மின்னோட்டம் நின்றுவிடும். 12 நிமிடம். கட்டியைச் சுற்றி 5 மில்லிமீற்றர் நல்ல ஈரலையும் சேர்த்து எரிக்க வேண்டும் என்பது கணக்கு, அதாவது 3.6 சென்ரிமீற்றர் விட்டம்.

அல்ட்ராசவுண்ட் திரையில் வெள்ளை மேகம் ஒன்று எழும்பிக் கட்டியை முழுதாக மூடியது. ‘கவர் ஆகிட்டுது’ என்றார்கள். மறுநாள் வீடு.

ஒரு மாதத்தில் எடுத்த சி.ரி.யில் அந்த இடம் நிறம் ஏறாத கறுப்பு வட்டமாக இருந்தது. எல்லாருக்கும் சந்தோசம். மூன்றாம் மாதம் திரும்ப வரச் சொன்னார்கள். மாமாவுக்கு வெல்லாவெளிப் பக்கம் வயல். பெரும்போக அறுவடை முடியட்டும் என்றார். மூன்று நாலானது. பிறை வந்தது.

படத்தை என் தொலைபேசியில் பெருப்பித்துக் காட்டியபோது மாமா கேட்டது ஒரே கேள்விதான். ‘எரிச்சது காணாதாமா மனே?’

ஓரத்தில் நடந்தது

எரித்தது காணாது என்பது பாதி உண்மை. நடுவில் தேவைக்கு மேலேயே எரிந்திருந்தது. நாளத்தின் பக்கம்தான் சூடு ஏறவில்லை. 3 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட குருதிக் குழாய் பக்கத்தில் இருந்தால் அதில் ஓடும் 37 பாகைக் குருதி சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். மாமாவின் நாளம் 8 மில்லிமீற்றர். ஓடும் வாய்க்காலின் கரையைக் கொள்ளிக்கட்டையால் காயவைக்கப் பார்ப்பது போலத்தான்.

எவ்வளவு சூடு காணும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1984இல் சபாரெட்டோ, டூவி இருவரும் முன்வைத்த முறை அது. 43 பாகையை அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சூட்டில் 240 நிமிடம் நின்றால் இழையம் செத்துவிடும் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். அதற்கு மேலே ஒவ்வொரு பாகைக்கும் தேவையான நேரம் பாதியாகும். 44இல் 120 நிமிடம், 46இல் 30 நிமிடம், 50இல் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. 60ஐத் தொட்டால் கண் இமைக்கும் நேரம் போதும், புரதம் உறைந்துவிடும்.

மாமாவின் 12 நிமிடத்தை இதில் போட்டுப் பாருங்கள். 12 நிமிடத்தில் வேலை முடிய வேண்டுமென்றால் ஓரம் முழுநேரமும் 47 பாகைக்குக் கொஞ்சம் மேலே நின்றிருக்க வேண்டும். அது 44இல் நின்றிருந்தால் அங்கே கிடைத்தது தேவையில் பத்திலொரு பங்கு. மூன்று, நாலு பாகை வித்தியாசத்தில் ஒரு பக்கம் பிணம், மறுபக்கம் கட்டி. அன்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எவருக்கும் அந்த மூன்று பாகை தெரிய வழியில்லை.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு, காத்தான்குடிச் சந்தையில் மாட்டு ஈரல் வாங்கி வந்தேன். குசினிக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது என்று மனைவி சொல்லிவிட்டார். வேலை பின் விறாந்தையில். ஈரலில் கண்ணுக்குத் தெரிந்த ஒரு தடித்த நாளத்தின் இரு முனையிலும் சேலைன் குழாயைச் செருகி, தையல் நூலால் இறுக்கிக் கட்டினேன். ஒரு முனையில் தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிட்டு, மறுமுனைக்குக் கீழே பேசின். நாளத்துக்கு ஒரு விரல் தள்ளி சோல்டரிங் அயனைக் குத்தி வைத்தேன். புகை, ஒரு மாதிரியான மணம், பக்கத்து வீட்டுப் பூனை.

ஆறவிட்டு, குறுக்கே கத்தி வைத்தேன். நுனி இருந்த இடத்தில் கரி. அதைச் சுற்றி வெளிறிய சாம்பல் கலந்த மண்ணிறம், விரலால் அமத்தினால் அவித்த முட்டை வெள்ளைக்கருவின் இறுக்கம். அதற்கப்பால் பச்சை ஈரல், கருஞ்சிவப்பு, வழுவழுப்பு. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. மூன்று பக்கம் அந்தக் கோடு வட்டமாகப் போனது; தண்ணீர் ஓடிய பக்கம் மட்டும் உள்ளே குழிந்திருந்தது. குழாயைச் சுற்றிச் சிவப்பாகவே ஒரு பட்டை. மாமாவின் ஸ்கானில் கண்ட அதே பிறை.

திரை ஏன் சொல்லவில்லை

அல்ட்ராசவுண்டில் வரும் வெள்ளை மேகம் நீராவியும் இழையத்திலிருந்து வெளியேறும் வாயுவும்தான். சூடு ஏறிய இடத்தில் குமிழி வரும் என்பது சரி; குமிழி வந்த இடமெல்லாம் செத்துவிட்டது என்பது சரியில்லை. போதாக்குறைக்கு, அது தனக்குப் பின்னால் உள்ளதை மறைத்துவிடும். மாமாவின் நாளம் இருந்தது மேகத்துக்குப் பின்பக்கம். வெப்பநிலையை அளக்கும் நுண்ணூசி குத்தலாம். அது ஒரு புள்ளியைத்தான் சொல்லும். எம்.ஆர்.ஐ. உண்மையிலேயே வெப்பமானியாக வேலை செய்யும். நீரிலுள்ள ஐதரசனின் அதிர்வெண் ஒரு பாகைக்கு நூறு மில்லியனில் ஒரு பங்கு என்ற அளவில் நகர்வதை அது படமாக்குகிறது. ஆனால் ஊசியிலிருந்து இயந்திரம் வரை எல்லாம் காந்தத்துக்கு ஒத்துப்போக வேண்டும், அந்த அறையைப் பல மணிநேரம் பிடித்து வைத்திருக்கவும் வேண்டும். நம் நாட்டில் ஸ்கானுக்கு நிற்கும் வரிசையை நினைத்துக்கொண்டு இதைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் ஒளியொலிப் பக்கம் தேடத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் போட்டோஅகூஸ்டிக் என்பார்கள். ஒளியை உள்ளே அனுப்பி, வெளியே வரும் ஒலியைக் கேட்பது. விசயம் பழையது. கிரகாம் பெல் 1880இல் சூரிய ஒளியைத் துளையிட்ட சுழல் தட்டால் வெட்டி வெட்டிப் பொருள்களின் மேல் விழவிட்டபோது அவை ஒலி எழுப்பின. நிறம் கறுக்கக் கறுக்க ஒலி கூடியது. விளக்குக் கரி நன்றாகவே கத்தியது.

இன்றைக்குச் சூரியனுக்குப் பதில் லேசர். ஒரு துடிப்பு 5 முதல் 10 நனோசெக்கன் வரைதான். இழையத்தில் அந்த ஒளியை முக்கியமாக உறிஞ்சுவது குருதியிலுள்ள ஈமோகுளோபின். உறிஞ்சிய இடம் இத்துனூண்டு சூடாகி, சட்டென விரிந்து, அழுத்த அலை ஒன்றைக் கிளப்பும். ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சூடு ஏறினாலே ஏறத்தாழ 800 பாஸ்கல் அழுத்தம் பிறக்கும். தோலில் வைத்த அல்ட்ராசவுண்ட் தலைக்கு அது கேட்கும். (கட்டியைச் சுடும் சூட்டோடு இதைக் குழப்ப வேண்டாம். இது கேட்பதற்கான சூடு மட்டும்.) ஒலி வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து எந்த ஆழத்திலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

வெப்பமானி இதற்குள் எங்கே இருக்கிறது? ஒரே அளவு ஒளியை விழுங்கினாலும், எவ்வளவு சத்தம் போடும் என்பது இழையம் அப்போது எத்தனை பாகையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குருனைசன் காரணி என்பது இந்தத் தொடர்புக்குப் பெயர். நீர் சூடாக இருக்கும்போது கூடுதலாக விரியும். 4 பாகையில் அது விரிவதே இல்லை, அங்கே சத்தமும் இல்லை. நீருக்கான வழமையான சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் 37 பாகையில் ஒவ்வொரு பாகைக்கும் சத்தம் ஏறத்தாழ 2.6 வீதம் கூடுகிறது. 44க்கும் 48க்கும் இடையில் 9 வீத வித்தியாசம். மாமாவின் வாழ்வுக்கும் பிறைக்கும் நடுவில் நின்ற அந்த நாலு பாகை இங்கே ஓர் எண்ணாக வந்து நிற்கிறது. ஆய்வுகூட மாதிரிகளில் ஒரு பாகைக்குள் துல்லியமாகவே அளந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. குருதி வெந்தால் ஈமோகுளோபின் வேறு வடிவத்துக்கு மாறும், மெத்தீமோகுளோபின் என்று. அது உறிஞ்சும் நிறம் வேறு. ஒட்சிசன் இழந்த ஈமோகுளோபின் 760 நனோமீற்றரில் காட்டும் மேடு, வெந்த பின் மறைகிறது. ஆகவே இரண்டு மூன்று அலைநீளங்களில் மாறி மாறிக் கேட்டால், இந்த இடம் சூடாக மட்டும் இருக்கிறதா, வெந்தே போனதா என்று பிரிக்கலாம். ஆறியதும் பார்த்தால் இன்னும் தெளிவு: சூட்டால் வந்த மாற்றம் திரும்பிவிடும், வெந்ததால் வந்தது திரும்பாது. விறாந்தையில் நான் கத்தியால் கண்ட கோட்டை, வெட்டாமலே கேட்கலாம் என்பதுதான் இதன் அர்த்தம்.

எனக்கு இதில் பிடித்த இடம் எது என்றால், ஒளியொலிக்கு எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரிவது குருதிக் குழாய். சூட்டைத் திருடிய அந்த நாளம், அல்ட்ராசவுண்டில் மேகத்துக்குப் பின்னால் ஒளிந்த அதே நாளம், இங்கே படத்தில் முதல் ஆளாக வந்து நிற்கும்.

நண்பரின் ஆட்சேபணைகள்

‘மச்சான், நீ சொல்றது எலிக்குச் சரி’ என்றார் நண்பர். அவர் சொன்னதில் முக்கால்வாசிக்கு என்னிடம் பதில் இல்லை.

முதலாவது ஆழம். வெளிச்சம் தோலிலிருந்து சில சென்ரிமீற்றர்தான் உருப்படியாகப் போகும். மார்பகம் போல வெளிறிய இழையத்தில் பரவாயில்லை. ஈரல் குருதி நிறைந்த இருட்டு உறுப்பு, ஒவ்வொரு சில மில்லிமீற்றருக்கும் ஒளி வெகுவாகக் குறைந்துபோகும். லேசரின் வலுவைக் கூட்டிச் சமாளிக்கவும் முடியாது. தோலில் விழக்கூடிய அளவுக்கு வரம்பு இருக்கிறது, கட்புலனாகும் ஒளிக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 20 மில்லிஜூல். மாமாவின் கட்டி 7 சென்ரிமீற்றரில். வெளியிலிருந்து பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒளியிழையை ஊசியோடு சேர்த்து உள்ளே அனுப்பினால்? ஆய்வாளர்களும் அந்த வழியில் முயல்கிறார்கள். உள்ளேயிருந்து வெளிச்சம், வெளியேயிருந்து கேட்டல். ஆனால் நண்பர் விடவில்லை. இழை இருப்பது நடுவில், நமக்கு வேண்டியது ஓரம். நடுப்பகுதி வெந்ததும் பால்போல வெளிறி, ஒளியைப் பன்மடங்கு சிதறடிக்கும். ஓரத்துக்குப் போய்ச்சேரும் ஒளி குறைந்தால் ஓரத்திலிருந்து வரும் சத்தமும் குறையும், இயந்திரம் அதைச் சூடு குறைந்தது என்று படிக்கும். நுனியில் கொஞ்சம் கரி பிடித்தால் கதை முடிந்தது. கரி ஒளியை விழுங்கிவிடும், மிச்சம் ஒன்றுமில்லை. என் விறாந்தை ஈரலின் நடுவில் இருந்த கறுப்பை அவருக்குக் காட்டியது நான்தான்.

அப்புறம் மூச்சு. எட்டாம் துண்டம் உதரவிதானத்துக்குக் கீழே, ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் போகும். 9 வீத மாற்றத்தைத் தேடும்போது முந்திய படமும் இந்தப் படமும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். மயக்க மருந்து கொடுத்து மூச்சைச் சில செக்கன் நிறுத்திப் படமெடுக்கலாம். செய்யக்கூடியதுதான், ஆனால் எளிதில்லை.

மாமாவின் கொழுப்பு இங்கேதான் வருகிறது. நீருள்ள இழையத்தில் சூடு ஏற ஏற ஒளியொலிச் சத்தம் கூடும். கொழுப்பில் மறுபக்கம்: சூடு ஏற ஏறக் குறையும். இரண்டும் கலந்த ஈரலில் ஒன்றையொன்று கழித்து, ‘இங்கே ஒன்றும் நடக்கவில்லை’ என்று திரை பொய் சொல்லலாம். கொழுப்பு அதிகம் உறிஞ்சும் அலைநீளங்களைத் தவிர்த்து, குருதியை மட்டும் கேட்கும் அலைநீளத்தில் நின்றால் பெரும்பாலும் தப்பலாம் என்பது என் வாதம். ஒலி வேகமும் கொழுப்பில் வேறு திசையில் மாறுவதால் படத்தின் இடமே கொஞ்சம் நகரும் என்பது அவருடைய எதிர்வாதம். இரண்டும் சரி. இலங்கையில் இந்த நோய் வருபவர்களில் பலருக்குக் கொழுப்பு ஈரல் என்பதால் இதை ஓரமாக வைத்துவிட முடியாது.

அவருடைய கடைசிக் கேள்விதான் எனக்குக் குத்தியது. ‘சுட்டு முடிச்சு அரை மணித்தியாலம் கழிச்சு, மேசையை விட்டு இறக்க முன்னம் கொன்ட்ராஸ்ட் போட்டு ஒருக்கா சி.ரி. எடுத்தா உன்ர பிறையில பாதி அங்கேயே தெரிஞ்சிருக்குமே? அதுக்கு லேசர் எதுக்கு?’

உண்மை. சில இடங்களில் அப்படிச் செய்கிறார்கள். சுட்ட புண்ணைச் சுற்றி முதலில் சிவந்த வளையம் ஒன்று தோன்றும், அது சில வாரம் இருந்து மறையும். அந்த வளையத்துக்குள் மெல்லிய மிச்சக் கட்டி ஒளிந்துகொள்ளலாம். ஆனால் வளையம் சுற்றிவரச் சீராக இருக்கும், மிச்சக் கட்டி ஒரு பக்கமாகத் தடித்திருக்கும் என்பதால் பழகிய கண்ணுக்குப் பல நேரம் பிரித்தறிய முடியும். மாமாவுக்கு அன்று அப்படி ஒரு படம் எடுக்கவில்லை.

நான் ஒளியொலியை விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் தூரம். கொழும்பில் குடியிருப்பவருக்கு மிச்சம் இருந்தால் அடுத்த கிழமை திரும்பப் போகலாம். களுவாஞ்சிக்குடியிலிருந்து அது 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ், கூடப் போக ஓர் ஆள், தங்க ஓர் இடம், வயலைப் பார்க்க இன்னோர் ஆள். சி.ரி. எடுத்தாலும் அது சுட்டு முடித்த பிறகு வரும் தீர்ப்பு. ஊசி உள்ளே இருக்கும்போதே ‘நாளப் பக்கம் இன்னும் 44இல் நிற்கிறது’ என்று ஒரு குரல் சொன்னால், அதே ஊசியைச் சற்று நகர்த்தி இன்னொரு 12 நிமிடம் கொடுத்திருக்கலாம்.

எங்கே முதலில் வரும்

ஈரலில் இல்லை என்பது என் எண்ணம். தோலுக்குக் கிட்ட இருக்கும் கட்டிகளில் வரும்: தைரொயிட் முடிச்சு, மார்பகம். இவற்றையும் இப்போது வெப்பத்தால் சுடுகிறார்கள், ஒளி வெளியிலிருந்தே எட்டும், மூச்சுக்கு அவ்வளவாக ஆடாது. அமெரிக்காவில் மருந்துகளுக்கும் வைத்தியக் கருவிகளுக்கும் அனுமதி கொடுக்கும் எஃப்.டி.ஏ. 2021 ஜனவரியில் மார்பகக் கட்டிகளைத் தரம்பிரிக்க ஒளியொலியும் அல்ட்ராசவுண்டும் சேர்ந்த ஒரு கருவிக்கு அனுமதி கொடுத்தது. அது நோயறிதலுக்கு; சூட்டைக் கண்காணிக்க இல்லை. ஆனாலும் ஆய்வுகூடத்திலிருந்து வைத்தியசாலைக் கதவு வரை இந்த முறை வந்துவிட்டது. பெரிய லேசர்களுக்குப் பதில் சிறிய டயோட் லேசர்களாலும் எல்.ஈ.டி. விளக்குகளாலும் வேலை செய்யும் கருவிகளும் இருக்கின்றன. வலு குறைவு, ஆழம் குறைவு, விலையும் குறைவு.

மாமாவின் நிகழ்வு

பிறைக்கு இரண்டாம் சிகிச்சை மைக்ரோவேவ் முறையில். 2.45 கிகாஹேர்ட்ஸ் அலை இழையத்தைத் தானே நேரடியாகச் சூடாக்குவதால் சூடு வேகமாக ஏறும், நாளம் திருடுவதும் குறையும், முற்றாக நிற்காது. இந்தமுறை ஊசியைக் கட்டியின் நடுவில் ஏற்றவில்லை. நாளத்துக்குச் சமாந்தரமாக, பிறையின் முதுகை ஒட்டி இறக்கினார்கள். மேசையை விட்டு இறக்கமுன் கொன்ட்ராஸ்ட் சி.ரி. எடுக்கும்படி நாங்கள் கேட்டோம், எடுத்தார்கள். சுற்றிவரச் சீரான வளையம், ஒரு பக்கமும் தடிப்பு இல்லை.

அதற்குப் பின் எடுத்த ஸ்கான்கள் இரண்டிலும் பிறை இல்லை. சிரோசிஸ் அப்படியே இருக்கிறது. புதிய கட்டி வேறோர் இடத்தில் வரக்கூடிய ஈரல் அது, ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கான் தொடர்கிறது. அறிக்கையில் இப்போது ஒரு வரி கூடுதலாக வருகிறது: சுட்ட இடத்தின் ஓரத்துக்கும் வலது ஈரல் நாளத்துக்கும் இடையிலுள்ள தூரம், மில்லிமீற்றரில். அந்த எண்ணைத் தவறாமல் எழுதும்படி கேட்டது நண்பர்தான்.